ஒரு வார்டின் உணவையும் புகையிலையையும் காற்றையும் கணக்கெடுப்பது எப்படி

தமிழ்நாட்டில் 2020-ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட தொற்றா நோய்க் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் இரத்த அழுத்தமும் 17.6 சதவீதம் பேருக்கு நீரிழிவும் இருப்பது தெரிய வந்தது. இரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. அடுத்த ஆண்டு, 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அது பெரிய காரியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மாத்திரையை வாங்கி வைத்தவர் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியதும் அவருக்கு என்ன கிடைக்கிறது, எது கிடைப்பதில்லை, எந்தக் காற்றை அவர் சுவாசிக்கிறார் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. உப்பைக் குறையுங்கள், காய்கறி சாப்பிடுங்கள், பீடியை விடுங்கள் என்று சொல்லும்போது முழுப் பொறுப்பையும் அவர் ஒருவர் தலையில் ஏற்றிவிடுகிறோம். பத்து ரூபாய்க்குப் பழம் கிடைக்காத, பத்து அடிக்கு ஒரு சிகரெட் கிடைக்கிற தெருவில் நின்றுகொண்டு அவர் அந்த அறிவுரையைக் கேட்கிறார்.

அந்தத் தெருவை எழுதி வைக்க, எங்கள் வார்டில் நாங்கள் செய்து பார்த்த முறையைத்தான் இங்கே விளக்குகிறேன். இதற்கு மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை. நான்கு பேர், ஒரு வரைபடம், மூன்று நிறப் பேனா, இரண்டு வார காலம் ஆகியவை போதும்.

மூன்றையும் ஒரே தாளில் எழுதுவதன் காரணம்

உணவுக்கு ஒரு துறை, புகையிலைக்கு ஒரு சட்டம், காற்றுக்கு ஒரு வாரியம் என்று அரசு பிரித்து வைத்திருக்கிறது. தெரு அப்படிப் பிரிந்து கிடக்கவில்லை. ஒரு டீக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் வடைச்சட்டி காய்கிறது. பக்கத்தில் கண்ணாடி ஜாடிகளில் வர்க்கியும் கேக்கும் இருக்கின்றன. தூணில் கட்டிய தேங்காய்நார்க் கயிறு சிகரெட் பற்றவைப்பதற்காக நாள் முழுவதும் கனன்றுகொண்டிருக்கிறது. இரண்டடி தள்ளி நகரப் பேருந்து நின்று இன்ஜினை அணைக்காமல் உறுமுகிறது. காலை எட்டரை மணிக்கு அங்கே நிற்கும் ஒரு கட்டடத் தொழிலாளி ஒரே கால் மணி நேரத்தில் மூன்றையும் உடம்புக்குள் வாங்கிக்கொள்கிறார்.

உடம்புக்குள் போன பிறகும் இவை தனித்தனியாக இருப்பதில்லை. பேக்கரிப் பண்டங்களில் சேரும் வனஸ்பதியில் உள்ள டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்தி நல்ல கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது. மிகையான உப்பு இரத்த அழுத்தத்தைக் கூட்டுகிறது. புகையிலை இரத்தக் குழாயின் உட்சுவரைக் கெடுத்து இரத்தம் உறையும் தன்மையை அதிகப்படுத்துகிறது. பி.எம்.2.5 எனப்படும் நுண்துகள், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ 30-இல் ஒரு பங்கு இருப்பதால், நுரையீரலின் கடைசி அறை வரை இறங்கி, குருதியோட்டத்திலும் அழற்சியை உண்டாக்குகிறது. நான்கு வழிகளும் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் வந்து சேர்கின்றன. ஆகவே மூன்றும் சேர்ந்து விழும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்தக் கணக்கெடுப்பின் முதன்மை நோக்கம்.

எல்லை, ஆட்கள், நேரம்

முழு நகரத்தையும் எடுத்துக்கொள்ள ஆசைப்படாதீர்கள். ஒரு அரசுப் பள்ளியையோ அங்கன்வாடியையோ நடுவில் வைத்து, அங்கிருந்து எல்லாப் பக்கமும் பத்து நிமிட நடைதூரம் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். கைபேசி வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டுக்கொள்ளலாம். சந்துகள் விடுபட்டிருந்தால் கையால் வரைந்து சேருங்கள். பெரும்பாலும் விடுபட்டிருக்கும், முக்கியமான கடைகள் பலவும் அந்தச் சந்துகளில்தான் இருக்கும்.

நால்வரில் ஒருவராவது அந்தப் பகுதியிலேயே பல ஆண்டுகள் சமைத்து, கடைக்குப் போய் வந்த பெண்ணாக இருக்க வேண்டும். எந்த வண்டி எந்த நாள் வரும், எந்தக் கடையில் கடன் கிடைக்கும், எந்த மூலையில் எப்போது குப்பையைக் கொளுத்துவார்கள் என்பது அவருக்குத் தெரியும். மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர் சேர்ந்துகொண்டால் மிக நல்லது.

ஒரே தெருவை நான்கு வேளைகளில் நடக்க வேண்டும்: காலை ஆறு மணி, பள்ளி தொடங்குவதற்கு அரை மணி முன்பு, பள்ளி விடும் நேரம், இரவு எட்டு மணி. காலையில் இட்லிக் கடையாக இருக்கும் திண்ணை இரவில் ஃபாஸ்ட் ஃபுட் கடையாகிவிடும்; பகலில் வெறும் சுவராக இருக்கும் இடத்தில் மாலையில் பஜ்ஜி வண்டி நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு சம்பள நாளும் உங்கள் நடைக்குள் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்குமுன் ஒரு ஒழுங்கைக் குழுவுக்குள் உறுதி செய்துகொள்ளுங்கள். கடைக்காரர் பெயரை எழுதக் கூடாது; கடைக்கு ஓர் எண் மட்டுமே கொடுக்க வேண்டும். மனித முகம் விழும்படி படம் எடுக்கக் கூடாது. யார் புகைக்கிறார், யார் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று குறிக்கக் கூடாது. நீங்கள் எண்ணுவது தெருவை மட்டுமே என்பதை உங்கள் குழுவில் ஒருவர் மறந்தாலும், அடுத்த நாள் எந்தக் கடைக்காரரும் உங்களோடு பேச மாட்டார்.

உணவு

பச்சைப் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். சமைக்காத காய்கறி, கீரை, பழம், பயறு, முட்டை, மீன் ஆகியவை விற்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வட்டம். எண்ணெயில் பொரித்தது, பாக்கெட் நொறுக்குத் தீனி, குளிர்பானம், பேக்கரிப் பண்டம் முதன்மையாக விற்கும் இடத்துக்கு ஒரு பெருக்கல் குறி. இரண்டும் விற்கும் மளிகைக் கடைக்கு வட்டத்துக்குள் பெருக்கல் குறி. தள்ளுவண்டியையும் கூடைக்காரம்மாவையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் வார்டில் முதல் நாள் கடைகளை மட்டும் குறித்துவிட்டுக் கீரையே கிடைக்காத பகுதி என்று எழுதிவிட்டோம்; மறுநாள் காலை ஆறேகாலுக்குத் தலையில் கூடையோடு வந்த ஒரு அம்மா, "நான் இருபது வருசமா இந்தத் தெருவுலதானே வித்துக்கிட்டிருக்கேன், என்னைய எழுதலையா?" என்று கேட்டபோதுதான் எங்கள் தவறு புரிந்தது.

இருக்கிறதா இல்லையா என்பதோடு நிறுத்தாமல் விலை, உயரம், தூரம் என்ற மூன்றையும் எழுதுங்கள். விலைக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பள்ளி வாசலில் நின்று, ஒரு குழந்தை பத்து ரூபாய்க்கு எதையெல்லாம் வாங்க முடியும் என்று பட்டியலிடுங்கள். ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டு இரண்டு, பத்து ரூபாய்க் குளிர்பானம் என்று பட்டியல் நீளும். அவித்த கடலையோ கொய்யாவோ நெல்லிக்காயோ அதில் எத்தனையாவது இடத்தில் வருகிறது, வருகிறதா என்பதைப் பாருங்கள். உயரம் என்பது பாக்கெட்டுச் சரம் எங்கே தொங்குகிறது என்பது. ஏழு வயதுக் குழந்தையின் கண்மட்டத்துக்கு நீங்கள் குனிந்து அந்தக் கடையை ஒரு முறை பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாத கடை ஒன்று தெரியும். தூரத்தைப் பள்ளி வாசலிலிருந்தே அளக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்துக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் குழந்தைகளுக்கு விற்கக் கூடாது. இந்த விதி இருப்பதே பல தலைமையாசிரியர்களுக்குத் தெரியாது என்பதால், அளந்த தூரத்தோடு விதியையும் சேர்த்து எழுதிக் கொடுப்பது பயன்தரும்.

அடுத்தது எண்ணெய். சட்டியில் உள்ள எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள், அதாவது திரும்பத் திரும்பக் காயும்போது எண்ணெய் சிதைந்து உருவாகும் பொருட்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதி. அதை அளக்கும் கருவி நம்மிடம் இருக்காது. ஆனால் கறுத்துத் தடித்த எண்ணெய், அடங்காமல் மேலே நிற்கும் நுரை, மிதமான சூட்டிலேயே எழும் புகை, கண்ணை எரிக்கும் காரநெடி ஆகியவை கண்ணாலும் மூக்காலும் அறியக்கூடிய அடையாளங்கள். நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். காலை, மாலை இருவேளையும் அதே சட்டியைப் பார்த்து, எண்ணெய் மாற்றப்பட்டதா, மேலே ஊற்றிச் சேர்க்கப்பட்டதா என்று மட்டும் எழுதுங்கள். வடையைச் செய்தித்தாளில் வைத்துப் பிழிந்து தருகிறார்களா என்பதையும் குறியுங்கள், ஏனெனில் அச்சு மையில் உள்ள நச்சுப்பொருட்கள் சூடான எண்ணெயோடு சேர்ந்து வயிற்றுக்குப் போகும். கடைச்சுவரில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் ஒட்டப்பட்டிருக்கிறதா என்பது அடுத்த கட்டம். பஞ்சுமிட்டாயில் ரோடமைன்-பி என்ற, துணிக்குப் பயன்படும் நச்சுச் சாயம் கண்டறியப்பட்டு 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதைத் தடைசெய்ததை நினைவில் வைத்து, இயற்கைக்குப் பொருந்தாத அடர்நிறத் தின்பண்டங்கள் எவையேனும் பள்ளி வாசலில் விற்கப்பட்டால் தனியே குறியுங்கள்.

ரேஷன் கடையை மறந்துவிட்டு உணவுச் சூழலைப் பற்றி எழுதுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் அது அடிப்படையையே விடுவதாகும். 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி கிடைக்கிறது. மானிய விலையில் சர்க்கரை, லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில், கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு என்று வருகின்றன. பசியை விரட்டியதில் இதற்கு இணையானது வேறில்லை. ஆனால் மலிவாகக் கிடைப்பவை அரிசி, சர்க்கரை, பாமாயில் என்று இருக்கும்போது, தட்டில் அவைதான் பெருகும். நீலகிரியிலும் தர்மபுரியிலும் 2023 முதல் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு பெற்றுக்கொள்ளலாம் என்று வந்தது போன்ற மாற்றம் உங்கள் மாவட்டத்தில் உண்டா என்று கேளுங்கள். பருப்பு மாதம் முழுவதும் இருப்பில் இருந்ததா, முதல் வாரத்திலேயே தீர்ந்ததா என்பதைக் குடும்ப அட்டைதாரர்களிடம் கேட்டு எழுதுங்கள். 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை உங்கள் ஊரில் இருந்தால், அது உங்கள் எல்லையிலிருந்து எவ்வளவு தூரம், போய்வர பஸ் கட்டணம் எவ்வளவு என்பதையும் சேருங்கள். நாளொன்றுக்கு ஒருவர் 400 கிராம் காய்கனி சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும். அதை உங்கள் தெரு விலையில் ஒரு நாளுக்குக் கணக்கிட்டு, அந்தப் பகுதியின் தினக்கூலிக்கு அருகில் எழுதிப் பாருங்கள். என் அனுபவத்தில் கூட்டத்தில் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது இந்த ஒரு வரிதான்.

புகையிலை

சிவப்புப் பேனா. 2016-17-இல் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பில் இந்தியாவில் வயது வந்தோரில் 28.6 சதவீதத்தினரும் தமிழ்நாட்டில் 20 சதவீதத்தினரும் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். நம் மாநிலம் குறைவு என்று ஆறுதலடைவதற்கில்லை. ஐந்து பேருக்கு ஒருவர் என்பது அதன் பொருள்.

2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டம் கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், விற்பனையைத் தடை செய்கிறது. இங்கே அளக்கும் முறையில் பலரும் தவறுகிறார்கள். உணவுக்கான 50 மீட்டர் பள்ளியின் வாசலிலிருந்து தொடங்குகிறது. புகையிலைக்கான 100 கெஜம் பள்ளியின் வெளி எல்லையிலிருந்து, ஆரமாக, நேர்கோட்டில் அளக்கப்படுகிறது. எனவே பள்ளியின் பின்பக்கச் சுவரை ஒட்டிய சந்தில், வாசலுக்குச் சுற்றிப் போனால் கால் கிலோமீட்டர் ஆகும் இடத்தில் இருக்கும் பெட்டிக்கடையும் தடைக்குள் வரும். வரைபடத்தில் பள்ளியின் சுற்றுச்சுவர் முழுவதையும் வரைந்து, அதன் எல்லாப் பக்கத்திலிருந்தும் 91 மீட்டர் தள்ளி ஒரு கோடு போட்டு, அதற்குள் விழும் கடைகளைக் குறியுங்கள். புகையிலை இல்லாக் கல்வி நிறுவனங்களுக்கான வழிகாட்டுதலின்படி சாலையில் மஞ்சள் கோடு போட வேண்டிய இடமும் இதுதான்.

ஒவ்வொரு கடையிலும் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது குற்றம் என்ற அறிவிப்புப் பலகை, 60-க்கு 30 சென்டிமீட்டர் அளவில், தமிழிலும் இருக்க வேண்டும். விற்பனை இடத்தில் வைக்கும் புகையிலைப் பலகை 60-க்கு 45 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதில் பிராண்டின் பெயரோ பெட்டியின் படமோ வரக் கூடாது. விளக்கு எரியக் கூடாது. பள்ளிச் சீருடையில் உள்ள பையன் கல்லாவில் அமர்ந்து எடுத்துக் கொடுக்கிறானா என்று பாருங்கள். அதுவும் தடைசெய்யப்பட்டதே, ஆனால் அது பெரும்பாலும் அந்த வீட்டின் வறுமையால் நேர்வது என்பதால் கனிவோடு கையாள வேண்டும். நான் முன்பு சொன்ன கனலும் கயிறும் சட்டத்துக்குள் வருகிறது: டீக்கடை, உணவகம் போன்ற பொது இடங்களில் சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் என்று புகைப்பதற்கு உதவும் எதையும் உரிமையாளர் வைக்கக் கூடாது என்று 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் கூறுகின்றன. அந்தக் கயிற்றை அவிழ்க்கச் சொல்வதற்குப் பணமும் வேண்டாம், உத்தரவும் வேண்டாம். எங்கள் வார்டில் முதலில் மாறியது அதுதான்.

சில்லறையாக ஒற்றை சிகரெட் விற்கிறார்களா என்பதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். பெட்டியின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படமும், புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் அச்சிடப்படுகின்றன. ஒற்றையாக வாங்குகிறவர் கையில் அந்த இரண்டும் போய்ச் சேருவதில்லை, கையில் காசு குறைந்த மாணவனும் எளிதாக வாங்கிவிட முடிகிறது.

குட்காவும் பான் மசாலாவும் தமிழ்நாட்டில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2013 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. ஆகவே அவை சரமாகத் தொங்குவதைப் பார்க்க மாட்டீர்கள். கல்லாவுக்கு அடியிலிருந்து வரும். பாக்கோடு புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துப் பிசைந்த மாவாவும், உதட்டுக்கு அடியில் ஒதுக்கிக்கொள்ளும் சிறு புகையிலைப் பொதியும் பள்ளி மாணவரிடையே புழங்குவதை ஆசிரியர்களே சொல்வார்கள். கடையில் கேட்டுச் சண்டையை வரவழைத்துக்கொள்ளாமல், தெருவோரத்திலும் பள்ளிக் கழிவறைக்குப் பின்னாலும் கிடக்கும் காலிப் பொட்டலங்களையும் சுவரில் உள்ள சிவப்புக் கறையையும் எண்ணுங்கள். இது நம்பத்தக்க அளவீடு. யாரையும் காட்டிக்கொடுக்காத அளவீடும் கூட. பாக்கு மட்டும் போட்டால் ஒன்றுமில்லை என்று நம்புகிறவர்கள் நம்மிடையே மிகுதி. புகையிலை சேராத கொட்டைப்பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகவே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. வாய் திறக்க முடியாதபடி கன்னத்தின் உட்சதை இறுகிப்போகும் நோய்க்கும் அதுவே காரணம்.

திருநெல்வேலி, தென்காசி, வேலூர் மாவட்டங்களில் இந்தக் கணக்கெடுப்பைச் செய்கிறவர்கள் ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். அங்கே பல வீடுகளில் பெண்கள் முறத்தில் புகையிலைத் தூளை வைத்து பீடி சுற்றுகிறார்கள். அந்தத் தூள் கையிலும் பாயிலும் சமையலறையிலும் குழந்தை தவழும் தரையிலும் படிகிறது. அங்கே புகையிலைச் சூழல் என்பது கடைவீதியில் மட்டும் இல்லை. அதே சமயம் அந்த வீட்டின் அடுப்பெரிவதும் அந்த வருமானத்தில்தான். தனி அறை, கைகழுவும் வசதி, மாற்றுத் தொழில் என்ற வரிசையில்தான் அங்கே பேச வேண்டும்.

காற்று

கறுப்புப் பேனா. பி.எம்.2.5-க்கு இந்தியத் தரநிலை ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரியாக 60. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் திருத்திய வழிகாட்டு அளவுகள் முறையே 5, 15. இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொண்டால், கைபேசிச் செயலியில் காற்றின் தரம் 'திருப்திகரம்' என்று வருவதைக் கண்டு ஏமாற மாட்டீர்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் வரும் எண், உங்களுக்கு அருகில் உள்ள நிலையத்தின் எண்; அது உங்கள் தெருவிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய நான்கு நகரங்களே வருகின்றன. மற்ற ஊர்க்காரர்கள் பெரும்பாலும் தங்கள் கண்ணையும் மூக்கையும் நம்பியே தொடங்க வேண்டியிருக்கும்.

சிறிய கையடக்க அளவி கிடைத்தால் பயன்படுத்தலாம். ஆனால் ஈரப்பதம் மிகுந்த விடியற்காலையிலும் மழை நாளிலும் அது நீர்த்துளியையும் தூசாக எண்ணிக் கூடுதலாகக் காட்டும். ஆகவே ஒரே கருவியை, ஒரே நேரத்தில், இடம் மாற்றி மாற்றி வைத்து ஒப்பிடுங்கள். அரசு நிலையத்தின் எண்ணோடு சண்டைக்குப் போகாதீர்கள். வெள்ளை அட்டையில் வாஸ்லைன் களிம்பு தடவி மாட்டி வைத்து, படியும் தூசியைப் பார்ப்பது பள்ளிக் குழந்தைகளுக்குப் பிடிக்கும். அதில் தெரிவது சாலைத் தூசி. நுரையீரலின் ஆழத்துக்குப் போகும் நுண்துகள் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

கருவி இல்லாமல் எண்ணக்கூடிய நான்கு உண்டு. முதலாவது, ஒரு வாரத்தில் உங்கள் எல்லைக்குள் எத்தனை இடத்தில் குப்பையோ சருகோ எரிக்கப்பட்டது, அதில் பிளாஸ்டிக் இருந்ததா என்பது. திறந்தவெளியில் குப்பை எரிப்பது திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி தடைசெய்யப்பட்டது. இருந்தும் கூட்டிக் குவித்ததை அள்ளிக்கொண்டு போக வண்டி வராத இடங்களில்தான் அது எரிக்கப்படுகிறது. ஆகவே எரித்தவரைக் குறிக்காமல், வண்டி எத்தனை நாள் வரவில்லை என்பதைக் குறியுங்கள். மார்கழி, தை மாதங்களின் விடியலில் குளிர்ந்த காற்று தரையோடு ஒட்டிக் கிடப்பதால் புகை மேலே எழாது. அந்த நேரத்தில் எரியும் ஒரு சிறு குவியலும் தெரு முழுவதையும் மூடும். போகியன்று டயர் எரிகிறதா என்பதைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். இரண்டாவது, பள்ளி வாசலில் இன்ஜினை அணைக்காமல் நிற்கும் வேன், பேருந்து, ஆட்டோ ஆகியவற்றின் எண்ணிக்கை. மூன்றாவது, செங்கல் சூளை, அரிசி ஆலை, ஜெனரேட்டர், வார்ப்படப் பட்டறை போன்ற நிலையான மூலங்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வீசும்போது யார் வீட்டில் கரி படிகிறது என்பதை அங்குள்ளவர்கள் துல்லியமாகச் சொல்வார்கள். நான்காவது வீட்டுக்குள் உள்ளது, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

விறகடுப்பின் முன் முப்பது வருடம் அமர்ந்த பெண்ணின் நுரையீரல், புகைபிடிக்காமலேயே, புகைபிடிப்பவரின் நாட்பட்ட நுரையீரல் நோய்க்கு ஆளாகிறது. எரிவாயு இணைப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். கடைசியாக எப்போது சிலிண்டர் வாங்கினீர்கள், வெந்நீர் எதில் போடுகிறீர்கள், மாட்டுத்தீவனம் எதில் காய்ச்சுகிறீர்கள் என்று கேட்டால்தான் உண்மை வரும். கொசுவர்த்திச் சுருளைப் பற்றியும் கேளுங்கள். ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட் எரித்ததற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. சன்னல் சாத்திய அறையில், கைக்குழந்தையின் தொட்டிலுக்கு அடியில் அந்தச் சுருள் இரவு முழுவதும் எரிகிற வீடுகள் உங்கள் வார்டிலும் இருக்கும். கொசுவலை அதைவிட நல்லது. சாக்கடை தேங்கினால் சுருள் எரியும் என்பதால், சாக்கடை தேங்கிய இடங்களும் உங்கள் கறுப்புப் பேனாவுக்குள் வர வேண்டும்.

மூன்று நிறமும் சேரும் இடம்

இரண்டு வாரம் முடிந்ததும் வரைபடத்தைத் தரையில் விரித்து எல்லோரும் சுற்றி உட்காருங்கள். சிவப்பும் கறுப்பும் பச்சைப் பெருக்கலும் நெருங்கி விழும் மூன்று, நான்கு இடங்கள் தாமாகவே தெரியும். அவை பெரும்பாலும் பேருந்து நிறுத்தம், பள்ளி வாசல், வேலைக்கு ஆளெடுக்கும் முக்கு என்று இருக்கும். பச்சை வட்டமே இல்லாத வெற்றிடங்களையும் வளையமிடுங்கள்.

இந்தத் தெருவில் இத்தனை பேருக்குப் புற்றுநோய், அதற்கு இந்தக் கடைதான் காரணம் என்று எழுதும் ஆசை இங்கே வரும். அதை எழுதக் கூடாது. சில நூறு வீடுகளில் நோயை எண்ணினால் தற்செயலான ஏற்ற இறக்கத்தையும் காரணத்தையும் பிரித்தறிய முடியாது. புகையிலையும் காற்றும் விளைவைக் காட்டப் பல ஆண்டுகள் ஆகும். நோயாளியின் வீடும் அடையாளம் தெரிந்துவிடும். எதனால் என்ன நோய் வருகிறது என்பதை உலகம் ஏற்கெனவே நிறுவிவிட்டது. அந்தக் காரணங்கள் உங்கள் தெருவில் எங்கே, எத்தனை, எந்த நேரத்தில் இருக்கின்றன என்பதை மட்டும் நீங்கள் சொன்னால் போதும். அதை வேறு யாரும் சொல்ல முடியாது.

அறிக்கை இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஒன்றில் வரைபடம், மற்றொன்றில், யார் என்ன செய்ய வேண்டும் என்ற கோரிக்கை. "விழிப்புணர்வு வேண்டும்" என்று எழுதாதீர்கள். "7-ஆம் எண் கடை பள்ளிச் சுவரிலிருந்து 40 மீட்டரில் உள்ளது, மஞ்சள் கோடு போட வேண்டும்", "மூன்றாவது சந்தில் குப்பை வண்டி வாரத்துக்கு இரண்டு நாள் வருவதில்லை", "காலை எட்டரைக்கு வாசலில் வேன் நிற்பதை 50 மீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும்" என்று எழுதுங்கள்.

யாரிடம் முதலில் போவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: கடைக்காரர்களிடம். புகாராக அதிகாரி வழியே தெரிய வருவதற்கு முன், வரைபடத்தை அவர்களிடமே காட்டுங்கள். பெட்டிக்கடை நடத்தும் ஒரு விதவைத் தாயிடம் நாங்கள் பேசியபோது, "தம்பி, சிகரெட்டுல எனக்கு நிக்கிறது ஒண்ணுமில்ல, ஆனா அதுக்கு வர்றவங்கதான் மத்ததையும் வாங்குறாங்க" என்றார். அவருக்கு அபராத விதியைச் சொல்வதைவிட, கண்மட்டத்தில் எதைத் தொங்கவிடுவது என்று பேசியதில் பலன் இருந்தது. கடலை மிட்டாய், பொரி உருண்டை, நெல்லிக்காய் ஆகிய ஜாடிகள் முன்வரிசைக்கு வந்தன. சிகரெட் அலமாரி வெளியிலிருந்து தெரியாதபடி உள்ளே போனது.

அடுத்து தலைமையாசிரியர். தம் வளாகத்துக்குள் புகைப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம் விதிக்கும் அதிகாரம் அவருக்கே உண்டு. அதன்பின் ஊராட்சியானால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் அது கூடுகிறது, தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நகரமானால் வார்டு உறுப்பினரும் பகுதி சபையும். எண்ணெய், சாயம், குட்கா பற்றிய புகார்களுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண் உள்ளது. குப்பை எரிப்புக்கும் வராத வண்டிக்கும் 1100 என்ற முதல்வரின் உதவி மையம், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர்க்கும் கூட்டம். மனு கொடுத்த ஒப்புகைச் சீட்டை வரைபடத்தின் பின்பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள்.

எங்கள் முதல் மனு ஓர் அலுவலகத்தில் நான்கு மாதம் கிடந்தது. கேட்டபோது அது எங்கள் பிரிவு இல்லை என்றார்கள். மூன்று துறைக்கும் சேர்த்து ஒரே மனுவாக எழுதியது எங்கள் பிழை. கணக்கெடுப்பு ஒரே தாளில் இருக்க வேண்டும். மனுக்கள் தனித்தனியாக, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கோரிக்கையோடு இருக்க வேண்டும்.

ஆறு மாதம் கழித்து அதே நான்கு வேளைகளில் அதே தெருக்களை மறுபடி நடங்கள். தேர்வு விடுமுறையிலும் திருவிழா வாரத்திலும் மழை நாட்களிலும் வேண்டாம். முதல் கணக்கோடு ஒப்பிட முடியாமல் போகும். முதல் வரைபடத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்துப் புதிய புள்ளிகளை வரைந்தால், எது நகர்ந்தது, எது அங்கேயே நிற்கிறது என்பது ஒரே பார்வையில் தெரியும். 100 கெஜக் கோட்டுக்கு வெளியே ஓரடி தள்ளி நகர்ந்த கடைகளும் அதில் தெரியும், அவற்றையும் குறியுங்கள். வரைபடத்தின் ஒரு பிரதியைப் பள்ளியிலும் இன்னொன்றை அங்கன்வாடியிலும் கொடுத்து வையுங்கள். கூடைக்காரம்மா இன்னும் வருகிறாரா என்பதையும், காலை ஆறேகாலுக்கு அவர் எந்தத் தெருமுனையில் கூடையை இறக்குகிறார் என்பதையும் மறக்காமல் பச்சை வட்டமாகப் போடுங்கள்.